வீட்டுக் கழிவுநீரைத் தெளியவைக்கும் மண்படுகை: தொடங்குவோருக்கான செய்முறை

குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் மண் வடிகட்டுகிறது என்கிறோம். ஆனால் அதில் கரைந்திருப்பவற்றை உண்டு செரிப்பவை மண்துகள்களின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டி வாழும் நுண்ணுயிர்களே. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் வேதியியலாளர்கள் இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரைச் செலுத்தியபோது, சில வாரங்கள் கழித்தே அதிலிருந்த அம்மோனியா என்னும் கழிவுப்பொருள், நைட்ரேட் என்னும் உப்பாக மாறத் தொடங்கியது. நுண்ணுயிர்களைச் செயலிழக்கச் செய்யும் குளோரோஃபார்மைச் சேர்த்ததும் அந்த மாற்றம் நின்றது. பின்னர் சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. நாம் அமைக்கப்போவதும் அத்தகைய உயிருள்ள வடிகட்டியே.

முதல் படி: கழிப்பறை நீர் இதில் கலக்கவே கூடாது. சமையலறை நீரிலுள்ள எண்ணெய்ப்பசை மண்ணின் துளைகளை அடைத்துவிடும் என்பதால், தொடக்கத்தில் அதையும் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் படி: 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, ஒருமுறை நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். நீர் நொடிகளில் மறைந்தால் நுண்ணுயிர்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடம் உதவாது. குடிநீர்க் கிணற்றின் அருகிலும் நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்திலும் படுகை வேண்டாம்.

மூன்றாம் படி: ஒன்றல்ல, இரண்டு ஆழமற்ற வாய்க்கால்களை வெட்டி, மரச்சிராய்களால் நிரப்பி, நீர் வெளியே தெரியாதவாறு மூடுங்கள். நீரைத் தொட்டியில் தேக்காமல் அன்றன்றே விடுங்கள்; ஒரு நாளைத் தாண்டினால் அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, நாற்றம் எழும்.

நான்காம் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: படுகைக்கு ஓய்வு கொடுத்தல். நீர் ஓயாமல் பாய்ந்தால் மண்ணின் துளைகளில் காற்று இராது. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோக, படலம் மட்டும் தடித்துக்கொண்டே சென்று மண்ணை அடைக்கும். ஒரு வாய்க்காலை உலரவிட்டு மற்றொன்றுக்கு நீரைத் திருப்பினால், காற்று புகுந்து, உணவில்லாத நுண்ணுயிர்கள் தேங்கிய கழிவையும் தம் படலத்தையுமே தின்று துளைகளைத் திறக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை நீர் உறிஞ்சப்படும் வேகத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வெளுப்பான் (ப்ளீச்) நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால், அதைக் கலந்து துணி துவைக்கும் நாளில் மட்டும் அந்த நீரைச் சாக்கடைக் குழாய்க்குத் திருப்பிவிடுங்கள்.