பெங்களூர் பால்கனியில் நரிவால் ஆர்க்கிட்

அசாமில் பிகு நடனம் ஆடும் பெண்கள் கொண்டையில் சூடிக்கொள்ளும் கபௌ பூவைத்தான் கன்னடத்தில் சீதாளெ தண்டெ என்கிறார்கள். பூங்கொத்து அடர்ந்து வால்போலத் தொங்குவதால் அதற்கு நரிவால் ஆர்க்கிட் என்ற பெயரும் உண்டு. ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா என்னும் இச்செடி மேற்குத் தொடர்ச்சி மலையில் மாமரங்களிலும் பலாமரங்களிலும் தொற்றி வாழ்கிறது. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. ஆகவே இதைப் புல்லுருவியோடு சேர்த்து எண்ணக் கூடாது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரின் தட்பவெப்பம் இதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஜனவரி இரவுகளின் 15 டிகிரிக் குளிரும் ஏப்ரல் பகல்களின் 34 டிகிரி வெயிலும் இது தாங்கக்கூடியவையே. இங்கே இதைக் கொல்வது பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான்.

எனது முதல் செடி தென்னை நார்த்தூள் அழுத்தி நிரப்பிய தொட்டியில் வந்தது. அப்படியே வைத்துத் தினமும் நீர் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் வேர்கள் பழுப்பேறி, விரலால் தொட்டதும் தோல் உரிந்து நூலாகிவிட்டன. இந்த ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெள்ளை உறை ஒன்று உண்டு. மழை பட்டதும் நீரை உறிஞ்சிக்கொண்டு, பின் காற்றில் உலர்வதற்காகவே அமைந்தது அது. உலர வழியில்லாவிட்டால் அழுகிவிடும். எனவே மண்ணிலோ நார்த்தூளிலோ இதை ஒருபோதும் நடக்கூடாது. மா அல்லது பலா மரத்துண்டு ஒன்றில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவதே சிறந்தது; செம்புக் கம்பி வேருக்கு நஞ்சாகும். பெங்களூரைச் சுற்றி எளிதில் கிடைக்கும் யூக்கலிப்டஸ் கட்டை பட்டையை உரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், பிடித்த வேரும் அதோடு உதிர்ந்துவிடும். மரத்துண்டு கிடைக்காதவர்கள், பெரிய இடைவெளிகள் உள்ள மரக்கூடையில் பெரிய கரித்துண்டுகளை மட்டும் இட்டு வைக்கலாம். ஒருமுறை வேர் பிடித்தபின் இடம் மாற்றுவதை இச்செடி விரும்புவதில்லை. மாற்றினால் ஓராண்டு பூக்காமல் முறைத்துக்கொண்டிருக்கும்.

நீர் ஊற்றும் நேரத்தை நாள்காட்டியைவிட வேரே சரியாகச் சொல்லும். உலர்ந்த வேர் சாம்பல் கலந்த வெண்மையாகத் தெரியும். நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். பச்சை மறைந்து வெண்மை திரும்பிய பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். கட்டையில் கட்டிய செடிக்கு மார்ச், ஏப்ரலில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டியிருக்கலாம். டிசம்பர், ஜனவரியில் வாரம் இரண்டு மூன்று முறை போதும். மாலையில் ஊற்றுவதாயின், இருட்டுவதற்குள் இலை இடுக்குகள் உலரும்படி ஊற்றுங்கள். குருத்தில் இரவெல்லாம் நீர் நின்றால் நடுத்தண்டே அழுகிவிடும்.

எந்தத் தண்ணீர் என்பது அதைவிட முக்கியம். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வேர்மேல் வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைத்துவிடும். சிக்கனத்துக்காக ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உள்ளது. அதில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் இச்செடிக்கு அது கூடவே கூடாது. மழைநீர் உத்தமம், இல்லையென்றால் குழாயில் வரும் காவிரி நீரை வாளியில் திறந்து ஓரிரவு வைத்து ஊற்றலாம். அரிசி கழுவிய நீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் சரி. ஆர்க்கிட்டில் அது பூஞ்சையையும் எறும்பையும்தான் அழைத்து வரும்.

கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை ஒன்பது மணி வரையிலான வெயில் நேராகப் படலாம். அதன்பின் பாதி நிழல் தரும் பச்சை வலை வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட செடி வளரும், பூக்காது. இளம்பச்சையே சரியான நிறம்.

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கரைத்து, மார்ச் முதல் அக்டோபர் வரை வாரம் ஒருமுறை, ஏற்கெனவே நனைந்த வேர்மேல் தெளித்தால் போதும். மழைக்காலத்தில் இரவில் டார்ச் எடுத்துப் பாருங்கள். வேர் நுனிகளை நத்தைகள் மேய்ந்துவிட்டுப் போகும்.

காட்டிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்த செடியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் விதையிலிருந்து வளர்த்த கன்றுகள் நர்சரிகளில் கிடைக்கின்றன. சிறு கன்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். வளர்ந்த செடியில் கோடை முதிரும்போது இலை இடுக்கிலிருந்து தண்டு இறங்கி, இளஞ்சிவப்புப் புள்ளியிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட வெண்பூக்களை விரிக்கும். அந்த நாட்களில் செடியைத் திருப்பி வைக்காதீர்கள். வெளிச்சத்தின் திசை மாறினால் கொத்து முறுக்கிக்கொள்ளும். பூ வாடியதும் தண்டை அடியோடு வெட்டிவிடலாம். அந்த இடுக்கில் மறுபடி பூக்காது. அடுத்த ஆண்டின் தண்டு மேலே புதிதாய் வந்த இலைகளின் இடுக்கிலிருந்து வரும்.