பரம்வீர் சக்ரா அதிகம் வாங்கிய ரெஜிமென்ட் எது? நீங்களே எண்ணிப் பார்க்கும் வழி

தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்து டீக்கடையில் ஆரம்பித்த சண்டை இது. கடற்கரை மணலில் காலையில் ஓடிப் பழகி, ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிற பையன் ஒருவன் "கூர்க்காதான் டாப்பு, மூணு பரம்வீர் சக்ரா" என்றான். இன்னொருவன் கிரெனடியர்ஸுக்கு மூன்று என்றான். மூன்றாவது ஆள் ஜம்மு காஷ்மீர் ரெஜிமென்டுக்கும் மூன்று என்று போனைத் தூக்கிக் காட்டினான். மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கும் எங்கள் பெரியப்பா எதுவும் பேசாமல் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ படிச்சவன்தானப்பா, ஒரு தாளை எடுத்து எழுதிப் பாரேன்" என்றார்.

எழுதினேன். கால் மணி நேர வேலைதான். நீங்களும் இப்படியே செய்யலாம்.

முதலில் எந்தப் பதக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எதிரிக்கு எதிரே நின்று காட்டிய வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, அதற்கடுத்து மகாவீர் சக்ரா, மூன்றாவது வீர் சக்ரா. நம் மாவட்டத்தில் திருவாடானைப் பக்கம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020-இல் கல்வானில் வீரமரணம் அடைந்தபின் கிடைத்தது இந்த வீர் சக்ரா. அசோக சக்ரா வேறு வரிசை, எதிரிக்கு எதிரே அல்லாத மற்ற வீரத்துக்கு. அதைப் பரம்வீர் சக்ராவோடு கூட்டினால் கணக்கு அங்கேயே கெடும். அதில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. 2014-இல் ஷோபியானில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜன் அப்போது இருந்தது 44 ராஷ்டிரிய ரைஃபிள்ஸில், அது மற்ற ரெஜிமென்டுகளிலிருந்து ஆள் எடுத்து நடத்துகிற படை. அவருடைய தாய் ரெஜிமென்ட் ராஜ்புத். அந்த அசோக சக்ராவை யார் கணக்கில் எழுதுவது? அதனால் முதல் தடவைக்குப் பரம்வீர் சக்ரா மட்டும் போதும்.

அதில் மொத்தமே 21 பேர்தான். மறக்காமல் இருக்க நம்ம ஊர் வழி ஒன்று: பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகளும் 21. (அதில் இரண்டு கடலுக்குள் போய்விட்டதால் 19 என்று சொல்வாரும் உண்டு, அந்த வழக்கை இப்போது எடுக்க வேண்டாம்.) பெயர்களை மத்திய அரசின் வீர விருதுகள் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், வாட்ஸாப்பில் வந்த படத்தை நம்பாதீர்கள்.

தாளில் நாலு கட்டம் போடுங்கள்: பெயர், ஆண்டு, யூனிட், ரெஜிமென்ட். மூன்றாவது கட்டத்தில் யூனிட் பெயரை எண்ணோடு அப்படியே எழுத வேண்டும், சுருக்கக் கூடாது. 18 கிரெனடியர்ஸ் என்றால் அந்த ரெஜிமென்டின் 18-ஆவது பட்டாலியன். 1961-இல் காங்கோவில் ஐ.நா. படையோடு போய் உயிர்விட்ட கேப்டன் சலாரியாவின் யூனிட் 3/1 கூர்க்கா ரைஃபிள்ஸ், அதாவது 1-ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸின் 3-ஆவது பட்டாலியன். கோட்டுக்குப் பின்னால் இருக்கிற எண்தான் ரெஜிமென்ட்.

இந்த இடத்தில்தான் பையன் சறுக்கினான். கூர்க்காக்களுக்கு மூன்று என்பது உண்மை. ஆனால் அவை 1, 8, 11 என்று மூன்று தனித்தனி ரெஜிமென்டுகள், ஆளுக்கொன்று. ஜம்மு காஷ்மீர் என்றவனும் அப்படித்தான், ஜாக் (ஜம்மு காஷ்மீரின் சுருக்கம்) ரைஃபிள்ஸ் வேறு, ஜாக் லைட் இன்ஃபன்ட்ரி வேறு. கார்கிலில் விக்ரம் பத்ராவும் சஞ்சய் குமாரும் ஜாக் ரைஃபிள்ஸ். 1987-இல் சியாச்சினில் ஏறிய பாணா சிங் லைட் இன்ஃபன்ட்ரி. ராஜ்புத்தையும் ராஜ்புதானா ரைஃபிள்ஸையும் ஒன்றாக்குவது இதே பிழையின் இன்னொரு வடிவம். மகாரை மராத்தாவோடு சேர்த்துவிடாதீர்கள். அந்த மகாரின் 8-ஆவது பட்டாலியன்காரர்தான் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25 அன்று அவர் இறந்தது யாழ்ப்பாணத்துப் பக்கம், நமக்கு எதிர்க்கரையில். அந்தப் போரைப் பற்றி எங்கள் கடற்கரையில் பேச வேறு கதைகள் நிறைய உண்டு, அது தனி.

சரி, இப்போது கூட்டுங்கள். கிரெனடியர்ஸுக்கு 3: 1965-இல் அப்துல் ஹமீது, 1971-இல் ஹோஷியார் சிங், 1999-இல் யோகேந்திர சிங் யாதவ். குமாவுன், சீக், பூனா ஹார்ஸ் (இது டாங்கிப் படை), ஜாக் ரைஃபிள்ஸ் நான்குக்கும் இரண்டிரண்டாக 8. மூன்று கூர்க்காவுக்கும் ஒவ்வொன்றாக 3. மீதி ராஜ்புத், ராஜ்புதானா ரைஃபிள்ஸ், பொறியாளர் படை, கார்ட்ஸ், ஜாக் லைட் இன்ஃபன்ட்ரி, மகார் என்று 6. எனக்குக் கூட்டல் 20-இல் நின்றுவிட்டது, மூன்று தடவை போட்டும் 20. அப்புறம்தான் உறைத்தது, நிர்மல்ஜித் சிங் செக்கோன் விமானப்படைக்காரர், ரெஜிமென்ட் கட்டம் காலியாக இருந்ததால் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆக, முதலிடம் கிரெனடியர்ஸ். ஆனால் தாளைப் பெரியப்பாவிடம் கொடுத்ததும் அவர் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார். கிரெனடியர்ஸின் மூன்றும் 3, 4, 18 என்று மூன்று வேறு பட்டாலியன்கள் வாங்கியவை. காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்கள் கொண்ட பெரிய குடும்பம், டாங்கிப் படையிலும் பீரங்கிப் படையிலும் ரெஜிமென்ட் என்பதே ஒரே ஒரு யூனிட். ஒரே யூனிட்டாகப் பார்த்தால் 1 சீக், 13 ஜாக் ரைஃபிள்ஸ், பூனா ஹார்ஸ் மூன்றும் ஆளுக்கு இரண்டோடு சமம். அதிலும் 13 ஜாக் ரைஃபிள்ஸ் இரண்டையும் ஒரே போரில், 1999 ஜூலையில் சில நாள் இடைவெளியில் வாங்கியது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிது. பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை, 1948-இலும் 1962-இலும் வாங்கிய 1 சீக் பக்கம் சாய்ந்தார்.

"உங்க மதராஸ் எங்கே தாத்தா?" என்று பையன் சீண்டினான். இந்தத் தாளில் இல்லைதான். பெரியப்பா தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை நீட்டி, மகாவீர் சக்ராவுக்கும் இதே மாதிரி போடச் சொன்னார். அது இருநூறுக்கும் மேல், ஒரு பக்கம் காணாது. செய்யப் போகிறவர்கள் நோட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.