ரெண்டு முழக் கம்பு, ஒரு சாண் முனை

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழா என்றால் நாடகச் சாமான் செய்ய என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன தடவை ரோமானியப் படை. சினிமாவில் வருகிற பட்டைக் கவசம் இருபது பையன்களுக்கும் வேண்டும் என்றார் மாஷ் (எங்கள் பக்கம் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). "மாஷே, முன்னால் ஓடி ஈட்டி எறிகிறவனுக்குக் கவசமே கிடையாது. அந்தப் பட்டைக் கவசமெல்லாம் இவன் காலத்துக்கு அப்புறம் வந்தது" என்றேன்.

ஈட்டி எறிகிற இவர்களுக்கு வேலிட்டேஸ் என்று பெயர். படையிலேயே வயதில் இளையவர்கள், கையில் காசில்லாதவர்கள். லெஜியன் என்கிற ரோமப் படைப்பிரிவின் 4200 பேரில் 1200 பேர் இவர்கள்தான்.

அளவுக்கு டேப் தேடாதீர்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் போலிபியஸ் என்கிற கிரேக்க வரலாற்றாசிரியர் சொன்ன கணக்கு நம் கைக்கணக்குதான்: ஈட்டிக் கம்பு ரெண்டு முழ நீளம், ஒரு விரல் கனம், இரும்பு முனை ஒரு சாண். எறிகிற பையனின் முழங்கையை வைத்தே அளந்து சவுக்குக் குச்சியை வெட்டுங்கள்.

முனையில்தான் சூட்சுமம். முதல் எறியிலேயே வளைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரி பிடுங்கித் திருப்பி எறிவான். காட்சிக்கு ஒன்று நிஜ இரும்பில் இருக்கட்டுமே என்று பட்டறைக்குப் போனேன். கொல்லர் நன்றாகக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, உளி மாதிரி அடித்துக் கொடுத்தார். பனைமரத்தில் எறிந்தேன். குத்திக்கொண்டு நேராக நின்றது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "வளையணுமுங்க" என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்டுப்போகிற மாதிரி ஒரு சாமான் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லையாம். ரெண்டாவதை முக்காமல், வெற்றிலைக் காம்பு மாதிரி ஒல்லியாக அடித்தார். அடுத்த எறியில் தூண்டில் முள்ளாக வளைந்தது.

பையன்கள் கையில் இரும்பு கூடவே கூடாது. பழைய ஹவாய் செருப்பை இலை வடிவில் நறுக்கிக் கம்பு நுனியைப் பிளந்து செருகி, சணலால் இறுக்கிக் கட்டுங்கள். நீளம் ஒரு சாண் சரியாக வரும், பட்டவுடன் தானே வளையும்.

ஆளுக்கு எத்தனை ஈட்டி? கி.மு. 211இல் இத்தாலியில் காப்புவா நகர முற்றுகையில் ஆளுக்கு ஏழு என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அவை நாலடி நீளம். மேடைக்கு மூன்று போதும். இடுப்பில் ஒரு வாள். அட்டையில் வெட்டினால் ஆயிற்று.

கேடயம் வட்டம், மூன்றடி விட்டம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு ரெண்டரை அடி வையுங்கள், மூன்றடி வைத்தால் தடுக்கி விழுகிறான். ஃப்ரிட்ஜ் பெட்டி அட்டையை ரெண்டு அடுக்காக மைதாப் பசையில் ஒட்டி, நடுவில் துணிப்பிடி. மீதி ஈட்டிகளையும் அதே கையில் பிடிக்க வேண்டும், பிடியைத் தளர்வாகத் தையுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த ரோம வியாபாரிகளோடு இவர்களையும் மேடையேற்ற மாஷுக்கு ஆசை. ஆனால் கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் கிடைத்த ரோமக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்கிற பேரரசர்கள் காலத்தவை. அதற்கு வெகு முன்பே வேலிட்டேஸ் படையிலிருந்து மறைந்துவிட்டார்கள். அதைச் சொல்லித்தான் காட்சியைக் காப்புவாவுக்கு மாற்றினோம்.

தலைக்குச் சாதாரணத் தொப்பி, சில சமயம் மேலே ஓநாய்த்தோல். பாதுகாப்புக்கும் ஆச்சு, யார் துணிந்து சண்டை போடுகிறான் என்று தூரத்திலிருந்து அதிகாரி கண்டுகொள்ளவும் ஆச்சு. ஓநாய்க்கு எங்கே போக? தென்னையில் பன்னாடை இருக்கிறதே. உதறி, ரெண்டு நாள் வெயிலில் போட்டு, எறும்பெல்லாம் போன பிறகு தொப்பியில் தையுங்கள். உள்ளே பழைய துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். ஒத்திகையன்று ஒரு பையன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.