மனவடுச் சிகிச்சை ஆய்வுகளை வாசிக்கையில் நாம் விடும் தவறுகள்

கனடாவில் இருக்கும் தம்பி ஒரு யூரியூப் காணொளியை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்: "அக்கா, இந்த வருத்தத்துக்குப் புது மருந்து கண்டுபிடிச்சிட்டினமாம். டொக்டரிட்டக் கேட்டுப் பாருங்கோ." யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளுக்கு இப்படிச் செய்தி வருகிறது. அக்கறையோடு அனுப்புகிறார்கள், கேட்பதிலும் பிழையில்லை. ஆனால் பெரிய அதிர்ச்சியின் நினைவு விடாமல் வருத்தும் நோயான, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் (PTSD) பற்றிய ஆய்வுகளைத் தவறாக விளங்கிக்கொண்டால், கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் நல்ல சிகிச்சையை விட்டுவிட்டு, இன்னும் நிரூபிக்கப்படாத ஒன்றுக்காகக் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பில் ஒருவர் நித்திரையையும் வேலையையும் குடும்பத்தையும் இழந்துவிடலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போரைக் கண்ட எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது என்று நினைப்பது முதல் தவறு. 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் வீடு வீடாகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. அதில் மனவடு நோயின் அறிகுறிகள் காணப்பட்டவர்கள் 7.0 வீதம். மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம். இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களிடம் இவை கூடுதலாக இருந்தன. ஆக, நம்மிடையே துன்பப்படுவோரில் பெரும்பகுதியினரின் வருத்தம் வேறு. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடித் திரியும் தாயின் துயரத்துக்கு, மனவடு நோயாளர்களை மட்டும் சேர்த்துச் செய்த ஆய்வின் முடிவை அப்படியே பொருத்த முடியாது. அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பழைய நினைவு மட்டும் அவரை வருத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதி வருவது போல, இங்கே தனியாட்களோடு சேர்ந்து குடும்பமும் ஊரும் காயப்பட்டிருக்கின்றன.

இதோடு ஒட்டியதுதான் வினாக்கொத்துப் புள்ளியை நோய் நிர்ணயம் என்று எடுப்பதும். இணையத்தில் கிடைக்கும் இருபது கேள்விகளுக்குப் புள்ளி போட்டுவிட்டு "எனக்கு இருக்கு" என்று முடிவெடுக்கிறார்கள். அந்தப் பட்டியல் சலித்தெடுப்பதற்கு மட்டுமே. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா, அன்றாட வாழ்வைக் குலைக்கின்றனவா என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் இருந்து கதைத்தே சொல்ல முடியும். எங்கள் ஆட்கள் பலர் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைவு என்றுதான் முறையிடுவார்கள். மேல்நாட்டுப் பட்டியலில் இவற்றுக்கு அவ்வளவு இடமில்லை.

அடுத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுவது: "சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்" என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு வழங்குவது. பெரிய அதிர்ச்சிக்குப் பின் பலர் சிகிச்சை இல்லாமலே காலப்போக்கில் தேறுவார்கள். ஆகவே "எதனோடு ஒப்பிட்டார்கள்?" என்ற கேள்வியைக் கேட்காமல் எந்த ஆய்வையும் நம்பக்கூடாது.

இதற்கு வெளியே போய் உதாரணம் தேடத் தேவையில்லை. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், வடகிழக்கில் ஒரு முகாமில் மனவடு நோய் இருந்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது ஆய்வாளரின் விருப்பத்தில் விடப்படவில்லை, குலுக்கல் முறையில் தீர்மானமானது. ஒரு பகுதியினருக்கு வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் சொல்லவைக்கும் சிகிச்சை. கயிறொன்றை விரித்து, நல்ல நாட்களுக்குப் பூவும் கொடிய நாட்களுக்குக் கல்லும் வைத்து, பிறந்ததிலிருந்து இன்றுவரை கதையை நடத்திச் செல்வது அதன் வழி. மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டையும் உள்ளூரில் பயிற்றப்பட்ட உளவளத்துணையாளர்களே ஆறு அமர்வுகளில் கொடுத்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதல் குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள்.

இந்த 81ஐ மட்டும் எடுத்து "கதை சொல்லும் சிகிச்சையே சிறந்தது" என்று எழுதினால் அது தவறு. இத்தனை சிறிய குழுக்களில் பத்து வீத வித்தியாசம் என்பது ஓரிரு பிள்ளைகளின் வித்தியாசம்தான். "இரண்டுமே முழுவதும் வேலை செய்தன" என்பதும் அவசர முடிவு. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு அங்கே இருக்கவில்லை. அழிவு நடந்து சில கிழமைகளுக்குள் தொடங்கிய ஆய்வு அது. அந்தத் தேறுதலில் இயல்பாக வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அப்படியிருந்தும் அதன் மதிப்பு பெரிது. எங்கள் மண்ணில், எங்கள் மொழியில், எங்கள் ஆட்களைக் கொண்டே இப்படியான சிகிச்சையை ஒழுங்காக வழங்க முடியும் என்று அது காட்டியது.

2012இல் வெளியான இன்னொரு ஆய்வு, "எதனோடு ஒப்பிட்டார்கள்?" என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பதை உறைக்கச் சொல்கிறது. போரால் பாதிக்கப்பட்ட வட இலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு உளநலச் செயற்பாடுகள், மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். மொத்தமாகப் பார்த்தால் மனவடு அறிகுறிகளில் பெரிய பயன் தெரியவில்லை. ஆண் பிள்ளைகளிடமும், போரோடு தொடர்பான அப்போதைய நெருக்கீடு குறைவாக இருந்த பிள்ளைகளிடமும் பயன் தெரிந்தது. பெண் பிள்ளைகளிடமோ, காத்திருந்தவர்களே மனவடு அறிகுறிகளில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். நல்ல மனதோடு செய்யும் உதவியும் சிலரின் இயல்பான ஆறுதலைத் தடுத்துவிடக்கூடும் என்பதை ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் யாரும் அறிந்திருக்க முடியாது. இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

அனர்த்தம் நடந்த கையோடு எல்லோரையும் இருத்தி "நடந்ததைச் சொல்லுங்கோ" என்று கேட்பதும், நல்ல மனதோடு செய்யும் இவ்வகைத் தவறே. இப்படி ஒரே அமர்வில் முழுவதையும் சொல்லவைக்கும் முறை பின்னாளில் வரும் நோயைத் தடுக்கவில்லை என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டின. ஓரிரு ஆய்வுகளில் அதைப் பெற்றவர்களின் நிலை மோசமாகவும் இருந்தது. முதல் நாட்களில் வேண்டியது பாதுகாப்பு, சாப்பாடு, உறவுகளோடு சேர்த்துவைத்தல், ஆள் கதைக்க விரும்பினால் பொறுமையாகக் கேட்டல். இதையும் நோய் முற்றியவருக்குக் கொடுக்கும் சிகிச்சையையும் குழப்பக்கூடாது. அங்கே நினைவை எதிர்கொள்வது பலன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. ஆனால் அது பயிற்சி பெற்றவரோடு, பல அமர்வுகளாக, ஒழுங்குமுறையில் நடப்பது. வீட்டில் மாமாவோ ஆசிரியரோ வற்புறுத்திச் சொல்லவைப்பது சிகிச்சை ஆகாது.

இனி அந்தப் புது மருந்துக்கு வருவோம். காணொளிகளில் அதிகம் பேசப்படுவது எம்டிஎம்ஏ (MDMA), போதைப்பொருளாகவும் அறியப்பட்ட, மனநிலையை மாற்றும் ஒரு பொருள். 2023இல் வெளியான ஆய்வில், அந்த மருந்தோடு உளச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 71 வீதத்தினர் நோய் நிர்ணயத்திலிருந்து வெளியே வந்தார்கள். தலைப்புச் செய்தி இதோடு நின்றுவிடும். மருந்தில்லாத வில்லையோடு அதே உளச்சிகிச்சையைப் பெற்றவர்களிலும் ஏறத்தாழ 48 வீதத்தினர் அப்படியே வெளியே வந்தார்கள் என்பதை யாரும் அனுப்புவதில்லை. தவிர, தாங்கள் எதை விழுங்கினோம் என்பதைப் பெரும்பாலானோர் ஊகித்துவிட்டார்கள். எதிர்பார்ப்பு எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரிக்கமுடியாமல் போனது. 2024 ஓகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகாரம் தர மறுத்து, மேலும் ஓர் ஆய்வு வேண்டும் என்றது. பிரசோசின் என்ற மருந்தின் கதையும் படிப்பினைதான். கெட்ட கனவுகளுக்கு அது நல்லது என்று சிறிய ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2018இல் 304 முன்னாள் படைவீரரிடம் செய்த பெரிய ஆய்வில் அது வெற்று வில்லையை விஞ்சவில்லை. இந்தச் செய்திகளை வாசித்துவிட்டு, மனவடு நோய்க்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் செற்றலீன் (sertraline) போன்ற குளிசையைத் தானாக நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திடீரென்று விட்டால் தலைச்சுற்றும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம்.

அந்தப் படைவீரர்கள் போர்க்களத்திலிருந்து அமைதியான ஊருக்குத் திரும்பியவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே பலருக்கு நெருக்கீடு முடியவே இல்லை: காணி, கடன், காணாமல் போனவர்.

ஆய்வொன்றில் சேரச்சொல்லி உங்களையே கேட்டால், அதைச் சிகிச்சைக்கான அழைப்பு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எந்தக் குழுவில் சேருவீர்கள் என்பது உங்கள் கையிலும் இல்லை, மருத்துவரின் கையிலும் இல்லை. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா, இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்கிறார்களா, இடையில் விலகினால் வழமையான கிளினிக் சிகிச்சை தொடருமா, நான் சொல்லும் கதை யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். ஒப்பமிடும் தாள் தமிழில் இருக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க நேரமும் தரவேண்டும். ஆய்வில் சேராதவர்களுக்கும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. தொலைபேசியில் கதைக்க 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் இருக்கிறது.