தெருப் பையன் ஒருத்தன் மாட்டினால், மற்றவர்கள் என்ன செய்வது?

வடசென்னை வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தெருவில் யாராவது கத்திக்குத்து, செயின் பறிப்பு என்று மாட்டிக்கொண்டால், டிவியில் வருவதற்கு முன்பே அவன் வீட்டு ஆட்கள் ஆதார் நகலுக்கு வந்து நிற்பார்கள். அவர்கள் பின்னாலேயே, எதுவும் செய்யாத அக்கம்பக்கத்தார் வருவார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் வாட்ஸ்அப் குரூப்பை அடக்குங்கள். பையனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் அவன் பெயரையோ படத்தையோ வெளியிடுவதே குற்றம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ‘எங்க ஏரியா பசங்க எல்லாரும் தங்கம்’ என்று பதில் வீடியோ போடுவதும் வேண்டாம். கீழே வரும் கமென்ட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் படிப்பார்கள்.

அடுத்ததுதான் பெரிய தலைவலி. தேடுகிற ஆள் கிடைக்காவிட்டால் போலீஸ்காரர்கள் அவன் தம்பியை, அப்பாவை, கூட கேரம் ஆடினவனை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். “அவன் வந்து சரண்டர் ஆகட்டும், இவனை விடுறோம்.” ஆளுக்கு ஆள் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமே இல்லை. அதற்காக ஐம்பது பேர் ஸ்டேஷன் வாசலில் கத்தினால் இன்னொரு கேஸ்தான் மிச்சம். இரண்டு பேர் போங்கள். கைதா, விசாரணையா என்று கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சாட்சி விசாரணை என்றால் எழுத்தில் அழைக்க வேண்டும். பெண்களையும், பதினைந்து வயதுக்குக் கீழ், அறுபதுக்கு மேல் உள்ளவர்களையும் அவர்கள் வீட்டிலேயேதான் விசாரிக்க வேண்டும்.

அன்றைக்கே மனு போட்டுவிடுங்கள். முன்பெல்லாம் கமிஷனருக்குத் தந்தி அடிப்பார்கள், அடித்த நேரம் ரசீதில் இருக்கும். 2013இல் தந்தியே நின்றுபோனது. இப்போது மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும்தான். ‘இன்ன தேதி, இரவு இத்தனை மணிக்கு, டீக்கடை வாசலில் நின்ற என் இளைய மகனை, நீலக் கட்டம் போட்ட சட்டையும் கைலியும் அணிந்திருந்தவனை, இன்ன நம்பர் வண்டியில் ஏற்றினார்கள்.’ இவ்வளவு போதும். ‘எங்கள் பகுதி மக்கள் காலங்காலமாக’ என்று தொடங்கும் பத்தியை நான் எடுத்துவிடுவேன். பொய் என்பதால் இல்லை, படிக்கிறவர் அதோடு மூடிவைத்துவிடுவார். வக்கீலுக்குக் காசு இல்லையா, இலவச சட்ட உதவிக்கு 15100 அடியுங்கள்.

காலங்காலமாக என்பது உண்மைதான். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான்; 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததற்காகவே கைரேகை வைக்கச் சொன்னார்கள். மறுத்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் கிராமத்து மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டுக் கொன்றது. இங்கே அந்தச் சட்டத்தை ஒழிக்க 1947 ஆயிற்று. ஊரையோ சாதியையோ சொல்லி ஒருவனைச் சந்தேகப்படுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். தெரிந்தவர் என்றால் போங்கள். தெருவின் சார்பில் மன்னிப்பு கேட்கிறோம் என்று மாலையோடு போகாதீர்கள். “அவனும் நல்ல பையன்தான்” என்று அந்த வீட்டில் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். சமாதானத் தொகை பேசும் ஆளைக் கூட்டிப்போகவே கூடாது.

சரி, தெருவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. போன வருஷம் அதே பையன் பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டினபோது கைதட்டியது யார்? ஃபிளெக்ஸுக்கு நூறு ரூபாய் கொடுத்தது யார்? சம்பவத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு “நான் வெளியூர் போயிருந்தேன்” என்று சொன்னவர் யார்? அதற்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் இப்போது கத்தி இருக்கிற படத்தைப் பிரின்ட் போட்டுத் தருவதில்லை. இதனால் இரண்டு மூன்று வாடிக்கையாளர் போனார்கள், போகட்டும்.

கடைசியாக, வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள். வியாசர்பாடி, 600039 என்பதை மறைத்துப் பெரம்பூர், 600011 என்று போடச் சொல்வார்கள். போடாதீர்கள், ஆதாரோடு ஒத்துப்போகாமல் அங்கேயே சிக்கல் வரும். நிறுவனம் தயங்கினால் காவல்துறை சரிபார்ப்புச் சான்று வாங்கிக் கொடுங்கள். அதில் உங்கள் மேல் வழக்கு உண்டா என்றுதான் பார்ப்பார்கள். ஆன்லைனில்தான் விண்ணப்பம். கடைக்கு வந்தால் நானே போட்டுத் தருகிறேன், கரண்ட் இருந்தால்.