டோப்போ ஷீட்டில் சோலையைத் தேடுவது எப்படி?

நீலகிரியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். செய்முறை வகுப்புக்கு நான் எடுப்பது 58 ஏ/11 என்ற எண்ணுள்ள டோப்போ ஷீட், அதாவது மேடு பள்ளம், ஓடை, காடு, ஊர் எல்லாம் காட்டும் நில வரைபடம். தொட்டபெட்டா, எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் அந்த ஒரே ஷீட்டில் வரும். அதில் சோலையை, அதாவது உயரமான மலை மடிப்புகளில் வளரும் இயற்கைக் காட்டை, கண்டுபிடிக்கச் சொன்னால், விரித்த உடனே பிள்ளைகள் மரங்களைக் குறிக்கும் பச்சையைத் தேடுவார்கள். நான் பென்சிலைக் கையில் கொடுத்து, "முதல்ல தண்ணி எங்க ஓடுதுன்னு பாருங்க" என்பேன்.

அதற்கும் முன்னால் ஓரத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள். அளவு 1:50,000, படத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறத்தில் இருப்பவை சம உயரக் கோடுகள், கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சரிவு குறைவு.

இப்போது ஒரு நீலக் கோட்டைப் பிடித்து மேல்நோக்கிப் போங்கள். பழுப்புக் கோடுகள் ஓடையைத் தாண்டும்போதும் முகட்டைச் சுற்றும்போதும் கூராக வளையும். கூர்முனை மேட்டைக் காட்டினால் அது பள்ளம். இறக்கத்தைக் காட்டினால் முகடு. குழப்பமாக இருந்தால் கையை முஷ்டியாக மடக்கி, முட்டிகளைச் சுற்றிப் பேனாவால் வளையங்கள் போட்டுவிட்டு விரலை நீட்டிப் பாருங்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு விஷயம் அங்கேதான் பிடிபடும்.

சோலை இருப்பது அந்தப் பள்ளங்களில்தான். ஈரமும், ஆழமான மண்ணும், காற்றுக்கு மறைவும் மலை மடிப்புக்குள்தான் சேர்ந்து கிடைக்கும். முகடும் திறந்த சரிவும் புல்வெளிக்கு உரியவை. ஆகவே ஓடையின் தலைமாட்டில், கூர்வளைவுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சின்னப் பச்சைத் திட்டுகளுக்கு முதலில் வட்டம் போடுங்கள்.

பச்சை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் பரந்து கிடந்தால் சந்தேகப்படுங்கள். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நட்ட இடங்களுக்கும் படத்தில் பச்சைதான். புல்வெளியைத் தரிசு என்று நினைத்து மரம் நட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் புல்லும் ஓடைக்குத் தண்ணீர் விடுகிற நிலம்தான் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. எந்த வருஷம் அளந்த ஷீட் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நட்டதும் வெட்டியதும் அதில் இருக்காது.

ஊர்ப்பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். மந்து என்று முடிந்தால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, ஹட்டி என்றால் படகர் சமூகத்தாரின் ஊர்.

கடைசியாக, ஷீட்டோடு தொட்டபெட்டா காட்சிமுனைக்குப் போங்கள். 2,637 மீட்டர் உயரம். படத்தின் வடக்கைத் திசைகாட்டியின் வடக்கோடு பொருத்திவிட்டு, நீங்கள் வட்டமிட்ட ஒரு மடிப்பையாவது எதிரே கண்டுபிடியுங்கள்.