டிரெய்லர் இழுக்க டீசல் பிக்கப் வாங்குவது எப்படி? (இரண்டு தடவை கோட்டை விட்டவனின் செய்முறை)

டல்லாஸிலிருந்து 287 நெடுஞ்சாலை பிடித்து, அமரில்லோ தாண்டி, ரேடன் கணவாய் ஏறி இறங்கிக் கொலராடோ போவது எங்கள் வீட்டுக் கோடைக்கால வழக்கம். முதல் தடவை போனது அரை டன் பெட்ரோல் பிக்கப்பில், பின்னால் கேம்பிங் டிரெய்லரை (தங்கிப் பயணிக்கும் இழுவண்டி) மாட்டிக்கொண்டு. (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை பிக்கப் ரகங்களின் பெயர்கள், எடை அல்ல.) அமரில்லோ பக்கத்துக் காற்றில் டிரெய்லர் வாலாட்டியதையாவது சமாளித்துவிட்டேன். ரேடன் இறக்கத்தில் பாதி வருவதற்குள் "ஏதோ கருகுது" என்றார் தங்கமணி. பிரேக். ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பின் சீட்டில் அம்மா கந்த சஷ்டி கவசத்தை இரண்டு தடவை முடித்துவிட்டார்.

அந்த வண்டியின் விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் டிரெய்லர் முழு லோடில்கூட 9,000 தொடாது. அப்புறம் எங்கே தப்பு? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு. ஹிட்ச் (டிரெய்லரை டிரக்கோடு கோக்கும் இணைப்பு) மாட்டுவது, 7 பின் வயரைச் செருகுவது, ரிவர்ஸ் எடுப்பது எதுவும் இதில் வராது.

படி 1: டிரெய்லரை முதலில் முடிவு செய்யுங்கள்

டிரக்கை வாங்கிவிட்டு அதற்கேற்ற டிரெய்லர் தேடுவது, செருப்பை வாங்கிவிட்டுக் காலை வெட்டுகிற கதை. முதலில் டிரெய்லர். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஜிவிடபிள்யூஆர் என்று ஓர் எண் இருக்கும். எல்லாச் சாமானும் ஏற்றியபின் அந்த டிரெய்லர் தாண்டக் கூடாத மொத்த எடை அது. கணக்குக்கு எடுக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். விற்பவர் சொல்லும் "டிரை வெயிட்" என்பது தண்ணீர், சாமான், சில சமயம் பேட்டரிகூட இல்லாமல் போட்ட எடை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 காலன் டேங்கை நிரப்பினால் அதுவே 330 பவுண்டு. எங்கள் வீட்டில் கேம்பிங்குக்கு வெட் கிரைண்டர் வரும். கல்லோடு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டிரெய்லரின் டிரை வெயிட் 7,100, ஜிவிடபிள்யூஆர் 9,600. கணக்கெல்லாம் 9,600-க்குத்தான்.

படி 2: கதவைத் திறந்து மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இழுக்கும் திறன் வேறு, பேலோடு வேறு. இழுக்கும் திறன் விளம்பரத்தில் வரும். பேலோடு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று மஞ்சள் பட்டையோடு எழுதியிருப்பார்கள். ஒரே மாடலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளில்கூட இந்த எண் வேறுபடும். சன்ரூஃப், தோல் சீட், நான்கு சக்கர டிரைவ் என்று ஒவ்வொரு வசதியும் இதிலிருந்துதான் கழிகிறது.

டிரெய்லர் பின்னால்தானே வருகிறது, அதற்கும் பேலோடுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் மேல் உட்கார்ந்து அழுத்துகிறதே, அந்த எடை டிரக்கின் முதுகில்தான் இறங்குகிறது. டங் வெயிட் என்பார்கள். சாதாரண டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். டிரக்கின் பின்தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் ரக டிரெய்லருக்கு 15 முதல் 25 சதவீதம். 10-க்குக் கீழே போனால் பின்னால் கனம் கூடி, டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். எனவே அதைக் குறைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் கணக்கு:

9,600-இல் 13 சதவீதம் = சுமார் 1,250
ஐந்து பேர் = 650
எடையைப் பரப்பும் ஹிட்ச் = 100
ஜெனரேட்டர், விறகு, ஐஸ் பெட்டி, டூல்ஸ் = 300
மொத்தம் = 2,300 பவுண்டு

என் அரை டன் வண்டியின் ஸ்டிக்கரில் இருந்தது 1,480.

11,000 என்றவன் பொய் சொன்னானா என்றால், இல்லை. இழுக்கும் திறனை அளக்க எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் அமைப்பு) வகுத்த ஜே2807 என்று ஒரு முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றத்தில், 11 மைலுக்கு மேல், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். கடினமான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டுமே, தலைக்கு 150 பவுண்டு. டங் வெயிட் 10 சதவீதம். மாமியாரோ கிரைண்டரோ அதில் கிடையாது.

படி 3: டீசல் உண்மையில் வேண்டுமா?

டிரெய்லர் 6,000-க்குள், வருடத்துக்கு இரண்டு பயணம், ஊரெல்லாம் சமவெளி என்றால் வேண்டாம். கனரக பிக்கப்பில் டீசல் எஞ்சினுக்கு மட்டும் சுமார் 10,000 டாலர் கூடுதல். ஆயில் மாற்றினால் ராம் வண்டியின் கம்மின்ஸ் எஞ்சினுக்கு 12 குவார்ட் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்), ஃபோர்டுக்கு 13. பள்ளிக்கூடம், காஸ்ட்கோ என்று ஐந்து மைல் ஓட்டத்திலேயே வைத்திருந்தால் புகைப்போக்கியில் உள்ள டிபிஎஃப் வடிகட்டி சூடேறிச் சுத்தமாகவே நேரம் கிடைக்காது, கரி அடைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஹைவேயில் ஓடாத வீட்டுக்கு டீசல் ஆகாது.

வேண்டும் என்பதற்கு எனக்கு இருந்த காரணம் மலை. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். அங்கே பெட்ரோல் வண்டி கதறும். டீசல் டர்போ பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதைவிடப் பெரிய காரணம் எக்ஸாஸ்ட் பிரேக். இறக்கத்தில் பட்டனை அழுத்தினால் டர்போவே புகையை அடைத்து எஞ்சினை இறுக்கி வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் ரேடன் இறக்கத்தில் பிரேக்கை எப்போதாவதுதான் தொடுகிறேன். எல்லோரும் ஏற்றத்துக்காக டீசல் வாங்குகிறார்கள், நான் இறக்கத்துக்காக வாங்கினேன்.

படி 4: முக்கால் டன்னா, ஒரு டன்னா?

இரண்டாவது தடவை விழுந்தது இங்கே. டீசல் என்று முடிவானதும் நேராகப் போய் ஒரு முக்கால் டன் வண்டியைப் பார்த்தேன். உச்ச டிரிம் (ஒரே மாடலில் வசதிகள் மிகுந்த ரகம்), மசாஜ் சீட், பளபளப்பு. விற்பவர், "இது ஒரு வீட்டையே இழுக்கும் சார்" என்றார். முன்பணம் எழுதப் போகும்போது, சூடு கண்ட பூனையாகக் கதவைத் திறந்து பார்த்தேன். 1,950!

அரை டன்னில் வசதி குறைந்த டிரிம் எடுத்தாலே இந்த எண் கிடைத்துவிடும். காரணம் எளிது. அந்த மாதிரி முக்கால் டன் வண்டிகளின் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டில் நிறுத்தியிருப்பார்கள். அதைத் தாண்டினால் அமெரிக்காவில் வண்டி அடுத்த எடை வகுப்புக்குப் போய்விடுகிறது. வரம்பு அங்கேயே நிற்க, கனமான டீசல் எஞ்சினும் சொகுசும் உள்ளே ஏற ஏற, மிச்சமிருக்கும் பேலோடு தேய்கிறது. பல முக்கால் டன் வண்டிகளில் டீசலைவிட அதே வண்டியின் பெட்ரோல் ரகத்துக்குப் பேலோடு அதிகம்.

ஒரு டன், பின்னால் ஒற்றைச் சக்கரம், நடுத்தர டிரிம் என்றால் 3,500-க்கு மேல் சர்வசாதாரணம். விலை வித்தியாசம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. வெறும் வண்டியாக ஓட்டும்போது கொஞ்சம் தூக்கிப் போடும், அவ்வளவுதான். நான்கு பின் சக்கரம் வைத்த டூவலி பெரிய ஃபிஃப்த் வீல் காரர்களுக்கு. எச்-இ-பி மளிகைக் கடைப் பார்க்கிங்கில் அதை நிறுத்தும் பொறுமை எனக்கு இல்லை.

படி 5: எந்த எஞ்சின்?

இதில் சண்டை ஓயாது. ஃபோர்டில் 6.7 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் வி8, செவர்லே, ஜிஎம்சியில் 6.6 டியூராமேக்ஸ் வி8, ராமில் 6.7 கம்மின்ஸ் நேர்வரிசை ஆறு சிலிண்டர். 2019-இல் ராம் 1,000 பவுண்டு-அடி டார்க்கை (முறுக்குவிசை) தொட்டது. 2023-இல் ஃபோர்டு 1,200 என்றது. 9,600 பவுண்டு டிரெய்லருக்கு இதில் எது கிடைத்தாலும் தாராளம். டார்க் போட்டியைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள்.

நான் பார்த்தது கியர்பாக்ஸையும் டீசல் பம்பையும். சிபி4 என்ற உயர் அழுத்த பம்ப் உடைந்தால் இரும்புத்தூள் எரிபொருள் பாதை முழுக்கப் பரவும், செலவு ஐந்திலக்கம் வரை போகும். 2011 முதல் 2016 வரையான டியூராமேக்ஸில் அது உண்டு, 2017-இல் டென்சோ பம்ப் வந்தது. 2019, 2020 கம்மின்ஸ் வண்டிகளில் சிபி4 இருந்து, ரீகால் செய்து பழைய சிபி3-ஐப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ராம் வாங்கினால் அந்த வேலை முடிந்ததா என்று வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டுப் பாருங்கள். நான் கடைசியில் எடுத்தது 2019 செவர்லே 3500, பழையது, அலிசன் ஆறு கியர் பெட்டியோடு. புது வண்டிப் பணத்தில் பாதியில் முடிந்தது.

பழைய டீசல் பார்க்கப் போனால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் நடையைக் கட்டுங்கள். அடியில் குனிந்து டிபிஎஃப் இருக்கிறதா பாருங்கள். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு "டெலீட் பண்ணியாச்சு, மைலேஜ் கூடும்" என்பார்கள். அது சுத்தக் காற்றுச் சட்டத்துக்கு விரோதம், அதை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

படி 6: எடை மேடை

வண்டி வந்ததும் முதல் வேலையாக டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT) என்ற எடை மேடைக்குப் போங்கள். ஃபோனில் அவர்களுடைய ஆப் இருந்தால் இறங்கக்கூட வேண்டாம். குடும்பம், சாமான், முழு டேங்க் சகிதம் போக வேண்டும். முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில். எடையைப் பரப்பும் ஹிட்சின் ஸ்பிரிங் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக்கை மட்டும் இன்னொரு தடவை. 24 மணி நேரத்துக்குள் மறு எடை போட்டால் கட்டணம் குறைவு.

டிரக் மட்டும்: முன் 4,980, பின் 3,760. மொத்தம் 8,740.
டிரெய்லரோடு: முன் 4,520, பின் 5,380, டிரெய்லர் சக்கரம் 7,700.

டிரக் எடை 9,900 ஆகியிருக்கிறது. வித்தியாசம் 1,160, அதுதான் டங் வெயிட். டிரெய்லர் மொத்தம் 8,860, அதில் 13 சதவீதம். சரியான இடம். ஆனால் முன் சக்கரத்தில் 460 பவுண்டு குறைந்திருக்கிறது பாருங்கள், ஸ்டியரிங் மிதப்பது அதனால்தான். ஸ்பிரிங் கம்பிகளை மாட்டினால் அதில் ஒரு பகுதி முன்னால் திரும்பி வரும். அந்தக் கம்பிகள் வண்டியின் வரம்பை உயர்த்தாது, எடையை இடம் மாற்றும், அவ்வளவுதான்.

சேர்க்கை 1: "ஒரு டன் வண்டியில் மஞ்சள் ஸ்டிக்கரையே காணோம்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். என் தப்பு, சொல்ல மறந்துவிட்டேன். வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டிக்கு அந்த ஸ்டிக்கர் கட்டாயமில்லை. என் வண்டியிலும் இல்லை. அதே தூணில் உள்ள இன்னொரு ஸ்டிக்கரில் ஜிவிடபிள்யூஆர் இருக்கும். எனக்கு 11,500. எடை மேடை சொன்ன 9,900-ஐக் கழித்தால் 1,600 மிச்சம். பின் அச்சுக்கான வரம்பும் அங்கேயே இருக்கும், அதையும் மேடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

சேர்க்கை 2: கலிஃபோர்னியா நண்பர் ஒருவர் உரிமம் பற்றிக் கேட்டார். அங்கே 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு வணிகமல்லாத கிளாஸ் ஏ உரிமம் தேவை, ஃபிஃப்த் வீலுக்குத் தனி விதி. டிரெய்லர் இழுத்தால் அங்கே வேகம் 55 தான். டெக்சாஸில் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 26,000-ஐத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் இருந்தால்தான் கிளாஸ் ஏ.

சேர்க்கை 3: பெட்ரோல் பங்கில் பச்சைக் கைப்பிடி என்றால் டீசல் என்று எழுதியிருந்தேன், அந்த வரியை நீக்கிவிட்டேன். பிபி பங்குகளில் பச்சை என்றால் பெட்ரோல். ஒரு வாசகர் பாதி டேங்க் நிரப்பிய பிறகுதான் கவனித்திருக்கிறார். நல்லவேளை ஸ்டார்ட் செய்யவில்லை, இழுத்துப் போய் டேங்கைக் காலி செய்ததோடு தப்பினார். எழுத்தைப் படித்துவிட்டுக் குழாயை எடுங்கள். நீல மூடி, புகையைச் சுத்தமாக்க ஊற்றும் டிஇஎஃப் திரவத்துக்கு மட்டும். அதை டீசல் டேங்கில் ஊற்றினால் சாவியைத் தொடாமல் டோ வண்டிக்கு ஃபோன் போடுங்கள்.